பிசிக்ஸ் படிச்சு இன்னா பண்ணப் போற?



தலைப்பில் இருக்கும் கேள்வியை என்னிடம் இதுவரை கேட்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று எங்கள் தெருமுனைப் பிள்ளையார். இன்னொன்று அவர் காலடியில் படுத்திருக்கும் நாய். மற்றபடி டீக்கடை அண்ணன், ரேஷன் வரிசையில் நிற்கும் அக்கா, பெரியபாளையத்தம்மன் கோயிலில் பார்த்த தூரத்து சொந்த அத்தை எல்லோரும் கேட்டாகிவிட்டது. "இன்னா படிக்கிற?" "பி.எஸ்சி. பிசிக்ஸ்." "படிச்சு இன்னா பண்ணப் போற?" முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் தரமாட்டார்கள்.

என் கூடப் படிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "டீச்சர் ஆவேன்", "பேங்க் எக்ஸாம் எழுதுவேன்", "தெரியலைங்க" (இதுதான் அதிகம்). ஒருமுறை உட்கார்ந்து ஒழுங்கான பதிலாக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்து வைத்துக்கொண்டு படிக்கவும் :-)

முதலில் ஊர் விவரம். வீடு கும்மிடிப்பூண்டியில். படிப்பது திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில், மூன்றாம் ஆண்டு. திருவள்ளூர் என்றதும் பக்கத்து ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். 1997-ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்தபோது எங்களையும் திருவள்ளூரையும் ஒரே மாவட்டமாக்கினார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு ரயில் பாதை. கலெக்டர் ஆபீசுக்கு ரயிலில் போவதென்றால் மெட்ராஸ் வரைக்கும் இறங்கி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, மறுபடி மேலே ஏற வேண்டும். 'V' எழுத்து மாதிரி ஒரு பயணம் என்று சொல்லலாம். தமிழில் அந்த வடிவத்துக்கு எழுத்து இல்லாததால் கவட்டைக் குச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நைனா (ஆந்திரா எல்லை பக்கம், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிப்காட்டில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் பர்னஸ் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மாறி மாறி. நான் பிளஸ் டூ முடித்தபோது வீட்டில் மூன்று யோசனை ஓடியது. ஐ.டி.ஐ. சேர்ந்து சீக்கிரம் சம்பாதிப்பது, பாலிடெக்னிக், இல்லையென்றால் கலைக் கல்லூரி. நான் பிசிக்ஸ் என்றேன். நைனா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "ஃபேன் ரிப்பேர் பண்ணக் கத்துக்குடுப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு?" என்றாள். நியாயமான கேள்வி.

*

இன்டர்நெட்டில் பழக்கமான ஒரு அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். என் கல்லூரியைப் பற்றிச் சொன்னதும், "அட, எங்க ஊர் கம்யூனிட்டி காலேஜ் மாதிரி இருக்கே" என்றார். அது என்னவென்று தேடிப் பார்த்தேன்.

அங்கே 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த விஷயம். பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணமோ வசதியோ இல்லாதவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு மறுபடி படிக்க வருபவர்கள் என்று யாரும் சேரலாம். குறைந்த செலவில் இரண்டு வருஷம் படிக்கலாம். அதிலேயே வெல்டிங்கும் உண்டு, கால்குலஸும் உண்டு, பிசிக்ஸும் உண்டு. பிசிக்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு வருஷத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் போய்ச் சேரலாம். ஒரே கட்டிடம், ஒரே கேன்டீன்.

நம் ஊரிலும் 'சமுதாயக் கல்லூரி' என்று உண்டு. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கியது. அப்புறம் தமிழ்நாட்டில் நிறைய வந்தன. பள்ளிப் படிப்பை பாதியில் விட்டவர்களுக்கும் வேலை கிடைக்கிற மாதிரி ஒரு தொழில், கூடவே நாலு பேரிடம் பேசிப் பழகுவது போன்ற வாழ்க்கைத் திறன்கள். தையல், நர்சிங் உதவியாளர், ஏ.சி. மெக்கானிக் இப்படி. உண்மையிலேயே நல்ல காரியம். ஆனால் அதில் பிசிக்ஸ் என்று ஒரு பாடம் கிடையாது. ஏ.சி. மெக்கானிக் கோர்ஸ் முழுக்க தெர்மோடைனமிக்ஸ்தான், ஆனால் அந்தப் பெயரில் இல்லை.

ஆக, நம் ஊரில் கை வேலைக்கு ஒரு கட்டிடம், 'ஏன், எப்படி' என்று கேட்கிற பாடத்துக்கு வேறொரு கட்டிடம். நடுவில் ஒரு பெரிய சுவர். அந்தச் சுவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் முதல் பட்டதாரி. மீஞ்சூரிலிருந்து வருகிறவன் ஒருவன், ஊத்துக்கோட்டை பக்கம் நிலம் இருக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, பழவேற்காட்டிலிருந்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன். பெரும்பாலும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பிளஸ் டூ வரை 'கோண உந்தம்', 'நிலைமத் திருப்புத்திறன்' என்று படித்துவிட்டு, முதல் வருஷம் முதல் நாள் 'ஆங்குலர் மொமென்டம்', 'மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா' என்று கேட்டதும் எல்லோரும் பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். பாடம் புதிதில்லை. பெயர்தான் புதிது. ஆனால் பெயர் தெரியாவிட்டால் ஆளே தெரியாத மாதிரிதானே. அந்த முதல் செமஸ்டரில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு அகராதி போட்டுக்கொண்டோம். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ். என்னுடையது நூறு வார்த்தையைத் தாண்டியது.

பழவேற்காட்டுப் பையன் ஒருநாள் சொன்னான்: "அலை, நீரோட்டம், முகத்துவாரம் எப்ப அடைபடும் எல்லாம் எங்கப்பாவுக்குத் தெரியும்டா. எனக்கு அதுக்கு ஈக்வேஷன் தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கவே முடியல." சிரித்தோம். ஆனால் எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் அதேதானே!

லேப் பற்றிச் சொல்ல வேண்டும். பிசிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்: காம்பவுண்ட் பெண்டுலம், ஸ்பெக்ட்ரோமீட்டர், நியூட்டன்ஸ் ரிங்ஸ், கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ், லீஸ் டிஸ்க். மெட்ராஸில் எங்கள் சீனியர்களின் சீனியர்கள் செய்த அதே சோதனைகள். சோடியம் விளக்கு சூடாகி முழு மஞ்சளாக எரிய பத்து நிமிஷம் ஆகும். விளக்கு ஒன்று, ஆட்கள் பல. அதனால் காத்திருக்கும் நேரத்தில்தான் நாங்கள் நண்பர்களானோம் என்று சொல்லலாம் :-)

அதில் ஒரு சோதனை, தெர்மோ ஈ.எம்.எஃப். செம்புக் கம்பி ஒன்று, இரும்புக் கம்பி ஒன்று. இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு முனை ஐஸில், இன்னொரு முனை சூட்டில். இரண்டுக்கும் நடுவே துளியூண்டு மின்னழுத்தம் உண்டாகும். 1821-ல் சீபெக் கண்டுபிடித்தது. தமிழ்ப் புத்தகத்தில் 'வெப்ப மின்னிரட்டை' என்று அழகான பெயர். வெந்நீர் சூட்டுக்கு ஒரு மில்லிவோல்ட் சுற்றுவட்டாரத்தில்தான் கிடைக்கும். அதை அளக்க பத்து மீட்டர் கம்பி ஓடும் பொட்டன்ஷியோமீட்டர் பலகையில் ஜாக்கியை வைத்துத் தட்டித் தட்டி, கால்வனாமீட்டர் முள் எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குள் ஐஸ் உருகிவிடும். "இதெல்லாம் எதுக்குடா?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான்.

அன்று இரவு நைனாவிடம் இந்தச் சோதனையைச் சொன்னேன். கம்பி ரெண்டு, ஒரு பக்கம் சூடு, மில்லிவோல்ட் என்று. சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர் நிமிர்ந்து, "டிப்பு" என்றார்.

எந்த டிப்பு?

பர்னஸில் இரும்பு உருகி முடிந்ததும் எவ்வளவு சூடு என்று பார்க்க, ஒரு நீளக் கம்பியின் முனையில் காகிதக் குழாய் மாதிரி ஒன்றைச் செருகி உருகிய இரும்பில் சில விநாடி முக்கி எடுப்பார்களாம். போர்டில் 1600, 1620 என்று நம்பர் விழும். காகிதக் குழாய் கருகிப் போகும், தூக்கி எறிந்துவிட்டு அடுத்த தடவைக்குப் புது டிப். நான் தேடிப் பார்த்தேன். அந்த டிப்புக்குள் இருப்பது மயிரிழை கனத்தில் பிளாட்டினம் கம்பி ஒன்று, பிளாட்டினம் ரோடியம் கலந்த கம்பி ஒன்று. அதே சீபெக். 1600 டிகிரியில் அது தருவதும் இருபது மில்லிவோல்ட்டுக்குள்தான்.

நான் லேபில் ஐஸ் உருகுவதற்குள் அளக்கத் திண்டாடிய அதே விஷயத்தை, நைனா இருபது வருஷமாக ஒரு ஷிஃப்டுக்குப் பலமுறை செய்துகொண்டிருக்கிறார். எனக்கு அதன் உள்ளே என்ன என்று தெரியும், வெளியே எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவருக்கு நேர்மாறு.

*

அதற்கப்புறம் அவருடைய வேலையைப் பற்றி நிறையக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு தடவை உருக்கி ஊற்றுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹீட்'. "இன்னிக்கு ஏழு ஹீட்டு ஓடிச்சு" என்பார். 'வெப்பம்' என்ற பாடத்தை ஒருவர் எண்ணிக்கையில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இண்டக்‌ஷன் பர்னஸில் நெருப்பே கிடையாது, தெரியுமா? பெரிய தொட்டியைச் சுற்றி செம்புக் குழாய்ச் சுருள். அதில் சில நூறு ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் (நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்). அது உண்டாக்கும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் உள்ளே கிடக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. இரும்பு தன்னாலேயே சூடாகிறது. 1538 டிகிரியில் உருகுகிறது. அதற்கு வெகு முன்பே, 770 டிகிரியில், இரும்பு காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழந்துவிடுகிறது. இது கியூரி வெப்பநிலை, எங்களுக்கு இரண்டு மார்க் கேள்வி. சுற்றியிருக்கும் செம்பு மட்டும் ஏன் உருகவில்லை? அது குழாய், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் அந்தத் தண்ணீர் நின்றால் கதை முடிந்தது. ஒரு டன் உருக்க சுமார் 500, 600 யூனிட் கரண்ட். அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியில் கொஞ்சம் எங்கள் சிப்காட்டில் கம்பியாக வெளியே வருகிறது என்று சொல்லலாம்.

இந்த அடுப்பு முழுக்க 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். ஃபாரடே யார்? கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிக்கூடமே சரியாகப் போகாமல், லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். 1812-ல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைப் போய்க் கேட்டு, குறிப்பெடுத்து, அதை அவருக்கே பைண்ட் பண்ணி அனுப்பி, அடுத்த வருஷம் அவரிடமே லேப் உதவியாளராகச் சேர்ந்தவர். பொதுமக்களுக்கு நடந்த சொற்பொழிவு அது. அந்தக் காலத்து சமுதாயக் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, இதெல்லாம் சுவாரஸ்யம்தான். ஆனால் இது வெறும் சுவாரஸ்யம் இல்லை என்று எனக்குப் புரிந்தது வேறொரு விஷயத்தில்.

*

எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். அவரும் பர்னஸ் வேலைதான், வேறொரு கம்பெனி. சில வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழை நேரத்தில், ஸ்கிராப் கட்டு ஒன்றை உள்ளே போட்டதும் உருகிய இரும்பு வெடித்துத் தெறித்தது. கட்டுக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டில் பல வாரம் இருந்தார். பிழைத்துவிட்டார். வலது கை முழுசாக மடங்காது. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இப்போது வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பெட்டிக்கடை.

ஈர ஸ்கிராப் போடக்கூடாது என்பது பர்னஸில் எல்லோருக்கும் தெரிந்த விதி. நைனாவுக்கும் தெரியும், அந்த மாமாவுக்கும் தெரியும். பிறகு ஏன்?

இரண்டாம் வருஷம் ஹீட் அண்ட் தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் படிக்கும்போது ஒருநாள் அந்தக் கணக்கைப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1700 லிட்டர் இடம் வேண்டும். அந்த ஆவி உருகிய இரும்பின் சூட்டுக்கே, 1600 டிகிரிக்கே போனால்? கெல்வினில் 373 என்பது 1873 ஆகிறது, ஐந்து மடங்கு. சார்லஸ் விதிப்படி 8000 லிட்டருக்கு மேல். அதாவது ஒரு வாட்டர் பாட்டில், கண் இமைப்பதற்குள், மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் எட்டு. உருகிய இரும்பின் மேலாகப் பட்ட தண்ணீர் சுர்ரென்று மேலே போய்விடும். இரும்புக்கு அடியில் சிக்கிக்கொண்ட தண்ணீர்தான் எமன். அதற்கு வெளியேற வழி இரும்பைத் தூக்கி எறிவது ஒன்றுதான்.

இதை நைனாவிடம் பேப்பரில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"ஈரம் போடக்கூடாதுன்னு தெரியும்டா. எவ்ளோ ஈரம்னு யாரும் சொன்னதில்ல. லேசா நனஞ்சது எத்தினியோ தபா போட்டுக்கிறோம், ஒண்ணும் ஆனதில்ல. அதான் ஒரு டம்ளர் தண்ணி இன்னா பண்ணிடும்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

ஒரு டம்ளர், இருநூறு மில்லி. ஒன்றரை சின்டெக்ஸ் டேங்க்.

மக்களே, பிசிக்ஸ் என்றால் என்ன என்று மூன்று வருஷம் புத்தகத்தில் படித்ததை விட நைனாவின் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அதிகம் புரிந்தது. 'எவ்ளோ'. 'செய்யாதே' என்பது விதி. 'இதனால் செய்யாதே, இவ்வளவு ஆனால் இது நடக்கும்' என்பது பிசிக்ஸ். விதியை அனுபவம் மெல்ல மெல்ல அரித்துவிடும். பத்து தடவை மீறி ஒன்றும் ஆகாவிட்டால் பதினோராவது தடவை பயம் போய்விடும். கணக்கைப் பார்த்தவனுக்கு அப்படிப் போகாது. மேலே பட்ட தண்ணீரால் ஒன்றும் ஆகாததும், அடியில் சிக்கிய தண்ணீரால் எல்லாம் ஆனதும் ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

'எவ்வளவு' என்று கேட்டுப் பழகிவிட்டால் எங்கே போனாலும் கை அரிக்கும். 2023 ஜூலை 14 மதியம் 2.35-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியபோது ஆரம்பாக்கம் பக்கம் நண்பர்களோடு நின்றிருந்தேன். எல்லோரும் கத்தி முடித்து, ராக்கெட் மேகத்துக்குள் போய், வீடியோவும் எடுத்து முடித்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் அடிவயிற்றில் உறுமல் மாதிரி சத்தம் வந்தது. கிட்டத்தட்ட 80 விநாடி. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் என்றால் சுமார் 27 கி.மீ. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏவுதளத்தின் தூரத்தை ஒரு செல்போன் கடிகாரத்தில் அளந்தாயிற்று!

*

இப்போது சுவருக்கு வருவோம்.

கல்லூரியில் வருஷத்துக்கு ஒருமுறை ஐ.வி. போவோம். கொடைக்கானல் போனோம். 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1909-ல் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார் என்று பார்த்து வாய்பிளந்தோம். ரொம்ப நல்ல பயணம். (போட்டிங்கும் போனோம், அது வேறு கதை.) ஆனால் ஐந்நூறு கி.மீ. போய் சூரியனைப் பார்த்த நாங்கள், எங்கள் மாவட்டத்திலேயே, எங்கள் அப்பாக்கள் நிற்கிற 1600 டிகிரியை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. சிப்காட்டிலிருந்து யாரும் எங்கள் லேபுக்கு வந்ததும் இல்லை. அவர்களுக்கு பிசிக்ஸ் காலேஜ் பசங்கள் சமாச்சாரம். எங்களுக்கு பர்னஸ் ஐ.டி.ஐ. பசங்கள் சமாச்சாரம்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. 1876-ல் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர், நன்கொடை வாங்கி ஒரு அறிவியல் சங்கம் வைத்தார். பொதுமக்கள் வந்து சொற்பொழிவு கேட்கலாம், சோதனை பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். 1907-ல் நம் ஊர் ஆள் ஒருவர், மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் பிசிக்ஸ் படித்துவிட்டு, கல்கத்தாவில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் வேலைக்குப் போனார். ஆபீசுக்கு முன்னாலும் ஆபீஸ் முடிந்த பின்னாலும் அந்தச் சங்கத்து லேபில் போய் வேலை செய்தார். பல வருஷம் இப்படி. 1928-ல் ராமன் விளைவு அதே லேபில்தான். 1930-ல் நோபல். சி.வி. ராமன் கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அங்கே உதவியாக இருந்த அசுதோஷ் டே என்பவரைப் பலருக்குத் தெரியாது. கல்லூரி வாசலை மிதிக்காதவர். ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது.

டிகிரி இல்லாத ஆள், வேலை முடிந்து வருகிற ஆள், மாலையில் திறந்திருக்கிற லேப். இது மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மாதிரி கல்லூரிகளில் சனி, ஞாயிறு லேப் பூட்டியேதான் கிடக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குப் பத்து வகுப்பு. சூடு, ஆவி, அழுத்தம், மின்சாரம், கிரேன் தூக்கும் பாரம், வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுக்கும் புற ஊதா. எழுத்துத் தேர்வு கிடையாது. பாடம் நடத்த நாங்கள் இருக்கிறோம். பதிலுக்கு அவர்கள் எங்களுக்கு நடத்தட்டும். டிப்பு எப்படி முக்குவது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஜூனியர் மக்களுக்கு ஒரு வார்த்தை. 'இன்னா பண்ணப் போற' என்பதற்குச் சோறு போடுகிற பதில்களும் உண்டு, பயப்படாதீர்கள். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. ஜாம் தேர்வு இருக்கிறது. பி.எட். இருக்கிறது. அணுசக்தித் துறையில் பி.எஸ்சி. முதல் வகுப்புக்கு ஸ்டைபெண்டரி டிரெய்னி என்று பயிற்சியோடு வேலை அறிவிப்பு வரும். ஸ்ரீஹரிகோட்டாவில் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் வேலைக்கும் பி.எஸ்சி. கேட்டு விளம்பரம் வரும். அப்புறம் என்.டி.டி. வெல்டிங் போட்ட இடத்தை உடைக்காமல் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக்கிலும் காமா கதிரிலும் பார்க்கிற வேலை. அதில் பயன்படும் இரிடியம்-192-ன் அரை ஆயுட்காலம் 74 நாள். நாம் மனப்பாடம் செய்த அதே சூத்திரம்தான். மணலியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பாய்லரும் பைப்லைனும் இருக்கிற இடத்திலெல்லாம் இதற்குத் தேவை உண்டு.

ஆனால் எனக்கு முதல் பதில் இது எதுவும் இல்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் நைனா தானாகவே கேட்டார். "அந்தக் கணக்க பெருசா எழுதிக் குடுக்கிறியா? புதுசா வர பசங்களுக்குக் காட்டணும்." சார்ட் பேப்பரில் எழுதினேன். மேலே ஒரு டம்ளர் படம், கீழே ஒன்றரை சின்டெக்ஸ் டேங்க் படம். நடுவில் ஒரு அம்புக்குறி. தமிழில் நான் எழுதினேன். ஹிந்தியில் வகுப்புத் தோழி எழுதினாள். நைனாவோடு வேலை செய்கிற ஒடிசாத் தம்பி, இருபது வயதுகூட இருக்காது, அதைப் பார்த்துவிட்டு, "இத்னா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அடியில் ஒடியாவில் அவனே எழுதிக் கொடுத்தானாம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிராப் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். கரி படிந்து பாதி எழுத்து மறைந்துவிட்டதாம், இந்த வருஷம் புதிதாக ஒன்று வேண்டும் என்கிறார் நைனா. இந்தத் தடவை லேமினேட் செய்து தரப்போகிறேன்.

பி.கு.: அடுத்த மாதம் செமஸ்டர். குவாண்டம் மெக்கானிக்ஸ் நோட்ஸ் யாரிடமாவது முழுசாக இருந்தால் தயவுசெய்து சொல்லவும். புண்ணியமாகப் போகும் :-)